"சார், உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"

மணற்கேணி (பதிவு 1)

பதினேழு வருடமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எத்தனையோ கேள்விகளுக்கு "தெரியாது, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறேன். வெட்கப்பட்டதில்லை. போன வாரம் எட்டாம் வகுப்பில் வந்தது பதில் தெரிந்த கேள்வி. அதற்குத்தான் வாயடைத்து நின்றேன்.

பாடம், பூமியின் வயது. சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று பலகையில் எழுதி, அதில் எத்தனை சுழியம் என்று எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்காரும் பையன், வாயே திறக்காதவன், எழுந்து நின்று "சார், உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?" என்றான். வகுப்பு சட்டென்று அடங்கிவிட்டது. சுழியம் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். "அதெல்லாம் வகுப்புக்கு வெளியே தம்பி, முதல்ல எண்ணி முடி" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு வழிபாடு உண்டு. சின்ன வயதில் இருந்த இறுக்கம் இப்போது இல்லை. அப்பா இறந்த வருடம் எல்லாமே ஆட்டம் கண்டது. அப்புறம் வேறு மாதிரி திரும்பி வந்தது. அதற்கும் பாறையின் வயதுக்கும் எனக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் என் பக்கம் இழுத்த மாதிரி ஆகிவிடும். மறைத்தால், கேட்டது ஏதோ தப்பான கேள்வி என்று அவன் நினைத்துக்கொள்வான். இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இரண்டாம்மணி (பதிவு 2)

சரியாகத்தான் செய்தீர்கள். முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917 நவம்பரில் மியூனிக்கில் மாணவர்கள் முன்னால் பேசிய ஓர் உரை இருக்கிறது. அறிவைத் தொழிலாகக் கொள்வது பற்றியது. அதில் இதைத்தான் போட்டு உடைக்கிறார். வகுப்பில் ஆசிரியர் பேசுவார், மாணவர் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும், எதிர்த்துப் பேச இடமில்லை. அப்படி ஓர் இடத்தில் நின்றுகொண்டு சொந்த நிலைப்பாட்டைப் பரப்புவது பொறுப்பற்ற வேலை, வேண்டுமானால் தெருவில் போய்ப் பேசட்டும் என்கிறார். ஆசிரியரின் முதல் வேலையாக அவர் சொல்வது, தன் கட்சிக்கு ஒத்துவராத சங்கடமான உண்மைகளையும் ஏற்க மாணவரைப் பழக்குவது.

அவர் பேசியது பல்கலைக்கழகத்து இளைஞர்களை நினைத்து. உங்கள் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயது. மதிப்பெண் போடும் பேனா வேறு உங்கள் கையில்.

நடைவண்டி (பதிவு 3)

ஐயா சொல்வது கல்லூரிக்குச் சரி. நான் ஒன்றாம் வகுப்பு. என் பிள்ளைகளுக்கு "நிலைப்பாடு" என்ற சொல்லே தெரியாது. ஆனால் நான் எப்படிப்பட்டவள் என்று வந்த இரண்டாம் நாளே தெரிந்துவிடுகிறது.

ஒன்று சொல்கிறேன், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் ஒரு குட்டிப் பெண் ரப்பரைக் காணோம் என்று அழுதாள். பக்கத்துப் பையன் ஏற்கெனவே இரண்டு தடவை அடுத்தவர் பொருளை எடுத்தவன். நான் விசாரிக்கவே இல்லை. "பையைக் கொட்டு" என்றேன். எல்லார் முன்னாலும் கொட்டினான். ஒரு நோட்டு, முனை உடைந்த பென்சில், ஒரு பறவை இறகு. ரப்பர் இல்லை. மதியம் வருகைப் பதிவேட்டை எடுக்கும்போது அதற்கு அடியில் கிடந்தது, என் மேசை மேலேயே.

மறுநாள் எல்லாரையும் உட்கார வைத்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம் பையைக் கீழேயே வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டான்.

நான் தினமும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறவள். அன்றும் வேண்டிக்கொண்டுதான் போனேன். அந்த வேண்டுதலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? பையைக் கொட்டச் சொன்ன டீச்சரைத்தான் தெரியும். அதனால் நம்பிக்கையைச் சொல்லலாமா கூடாதா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை சார்.

சிவப்புமை (பதிவு 4)

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் அரசுப் பள்ளி ஆசிரியர் மதச் சின்னமே அணியக்கூடாது. 2004-இல் வந்த சட்டம், பளிச்சென்று தெரியும் சின்னங்களை மாணவர்களுக்கும் தடை செய்தது. அமெரிக்காவில் 2022-இல் உச்ச நீதிமன்றம், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்த பள்ளிப் பயிற்சியாளருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. இரண்டு இடத்திலும் காரணமாகச் சொல்லப்படுவது சுதந்திரம்தான். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மணற்கேணி சாருக்குப் பதில் கிடைக்காது.

ஏட்டுச்சுவடி (பதிவு 5)

எல்லாரும் வெளியூருக்கே போகிறீர்களே! நன்னூல் பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணம் இருக்கிறது.

"குலன்அருள் தெய்வம் கொள்கை மேன்மை
கலைபயில் தெளிவு கட்டுரை வன்மை
நிலம்மலை நிறைகோல் மலர்நிகர் மாட்சியும்
உலகியல் அறிவோடு உயர்குணம் இனையவும்
அமைபவன் நூல்உரை ஆசிரி யன்னே."

தெய்வமும் வருகிறது, கொள்கையும் வருகிறது. அதாவது இந்த இழையின் தலைப்பு முழுக்க முதல் வரியிலேயே இருக்கிறது. நூலாசிரியர் பவணந்தியார் சமணர். தெய்வம் என்றவர் எந்தத் தெய்வம் என்று சொல்லவில்லை.

அடுத்து உவமைகளை விளக்குகிறார். நிலத்துக்குச் சொல்லும் குணங்களில் ஒன்று "பருவ முயற்சி அளவில் பயத்தல்". பருவத்துக்கும் உழுகிறவன் உழைப்புக்கும் தக்கபடி விளைந்து தருவது. எனக்கு மிகவும் பிடித்த இடம். நிறைகோல் என்றால் தராசு, எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பது. இரண்டாம்மணி ஐயா சொன்னது அதைத்தான்.

கடைசிபெஞ்சு (பதிவு 6)

"குலன்" என்று ஆரம்பிக்கிறதே, அதைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை? உயர்குடியில் பிறந்திருக்க வேண்டும் என்றுதானே உரை சொல்கிறார்கள்? பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போவதா? வேபர் சொன்ன சங்கடமான உண்மை இதுதான்.

ஏட்டுச்சுவடி (பதிவு 7)

அடி சரியான இடத்தில் விழுந்தது தம்பி. ஆமாம், அந்தச் சொல் அங்கே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல், அந்தக் காலத்து அழுக்கும் அதில் ஒட்டியிருக்கிறது. அந்தச் சொல்லை வைத்துப் பார்த்தால் என் வீட்டிலிருந்து யாரும் ஆசிரியராகியிருக்க முடியாது. நான் ஆகியிருக்கிறேன். அந்த வரியை வகுப்பில் நடத்தும்போது இதையும் சொல்லித்தான் நடத்துகிறேன்.

யார் ஆசிரியராகக் கூடாது என்றும் ஒரு பட்டியல் உண்டு. கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, கண்டபடி கொட்டும். மடல் சூழ்ந்த பனை யாரையும் ஏறவிடாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. பஞ்சு அடைத்த குடுக்கையில் அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். முடத்தெங்கு, வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில்.

கடைசிபெஞ்சு (பதிவு 8)

எனக்குக் கணக்கு எடுத்தவர் அசல் மடற்பனை. மூன்று வருடத்தில் ஒரு பழம் விழுந்தது, அதுவும் பெஞ்சு மேல் இருந்த என் தலையில்.

ஆனால் முடத்தெங்கில் எனக்கு ஒரு சந்தேகம். மரம் ஆசிரியர் என்று ஏன் வைக்க வேண்டும்? மரம் மாணவன் என்று வைத்துப் பாருங்கள். நீங்கள் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். நாங்கள் வளைந்து எங்கேயோ போய்க் காய்க்கிறோம். ஒரு தேங்காயாவது உங்களுக்குத் திரும்பி வந்ததா? அப்படியும் அடுத்த வருடம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே, அதற்கு என்ன பெயர்?

அரைப்பக்கம் (பதிவு 9)

நான் ஆசிரியர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் அம்மா. எங்கள் வீட்டில் கடவுள் பேச்சு கிடையாது. பெரியவளுக்கு ஒரு டீச்சர், பக்தி மிகுந்தவர், அதை மறைக்கவும் மாட்டார். முதலில் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஒரு நாள் மகள் அவரிடம் "எங்க வீட்ல யாரும் சாமி கும்பிட மாட்டோம்" என்று சொல்லிவிட்டாள். "அப்படியா, நான் கும்பிடுவேன். சரி, உன் கட்டுரையில மூணாவது பத்தி ஏன் பாதியில நிக்குது?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். எனக்குப் பயம் போய்விட்டது.

இளையவனுக்கு நேர்மாறாக ஒருவர் வாய்த்தார். எதையும் நம்பாதவர், நம்புகிற பிள்ளைகளைக் கேலி செய்வார். எங்கள் கட்சிதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை கழுத்தில் கிடந்த கயிற்றைச் சட்டைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டதை இவன் வந்து சொன்னபோது வயிற்றைப் பிசைந்தது.

நெறியாளர் (பதிவு 10)

எந்த மதம் சரி, கடவுள் உண்டா இல்லையா என்று கிளம்பிய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்மணி (பதிவு 11)

நடைவண்டி டீச்சர், உங்கள் ரப்பர் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு மாணவனிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தருணம் வரவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

யானுஷ் கோர்ச்சாக் நினைவுக்கு வந்தார். வார்சாவில் யூத அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் இருந்தது. ஆசிரியர் மேலும் வழக்குப் போடலாம். தன் தவறுகளுக்காக அவர் தன்னையே அங்கே நிறுத்திக்கொண்டார். அதன் சட்டப் பிரிவுகளில் பெரும்பாலானவை மன்னிப்பதைப் பற்றியவை. 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா வதை முகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வாய்ப்பு இருந்தும் விட்டுப் பிரியாமல் கூடவே போனார்.

அவருடைய நம்பிக்கை என்ன என்று தேடிப் போனால் குழப்பம்தான். எந்தச் சடங்குக்குள்ளும் அடங்காதவர். எனக்கு அந்த நீதிமன்றம் போதும்.

கடைசிபெஞ்சு (பதிவு 12)

ஒரு சின்ன விஷயம். பதிவு 1-ஐ மறுபடி படித்தேன். அந்தப் பையன் "கடவுள்" என்ற சொல்லையே சொல்லவில்லையே சார்? "நம்பிக்கை இருக்கா"ன்னு மட்டும்தானே கேட்டான்?

நம் ஊர்ச் சொல்லில் அது எத்தனையோ இருக்கலாம். சாமி மேல, மனுஷங்க மேல, நாளைக்கு மேல. எல்லாத்துக்கும் நமக்கு இருப்பது இந்த ஒரே சொல்தான். ஒருவேளை அந்த 454 கோடியை நீங்களே நம்புகிறீர்களா என்று கேட்டிருப்பான். இல்லை, போன தேர்வில் வாங்கின மதிப்பெண்ணை நினைத்துக்கொண்டு "என் மேல நம்பிக்கை இருக்கா" என்று கேட்டிருப்பான். நான் அவன் வயதில் கேட்க நினைத்தது அதைத்தான். எழுந்து நிற்கத்தான் தைரியம் வரவில்லை.

மணற்கேணி (பதிவு 13)

இதைப் படித்ததிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறது. கடவுளைப் பற்றித்தான் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். போன தேர்வில் அவன் 31 மதிப்பெண்.

நடைவண்டி (பதிவு 14)

கடைசிபெஞ்சு தம்பி பெரிய கதவைத் திறந்துவிட்டார். ரோசெந்தால், ஜேக்கப்சன் என்று இரண்டு பேர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பாடமாகவே இருந்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்தார்கள். அப்புறம் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து "இவர்கள் இந்த வருடம் பளிச்சென்று முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி எடுத்தவை. வருடக் கடைசியில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். ஆசிரியர் வைத்த நம்பிக்கையைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

சிவப்புமை (பதிவு 15)

டீச்சர், அந்த ஆய்வைச் சொல்லும்போது பாதியோடு நிறுத்திவிடுவது எல்லாரும் செய்வது. மேல் வகுப்புகளில் அந்த விளைவு தெரியவில்லை. அளந்த முறையைப் பற்றி அப்போதே கடும் விமர்சனம் வந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் விளைவு இருக்கிறது, ஆனால் சிறியது. ஆசிரியர் நம்பினால் பிள்ளை ஜெயித்துவிடும் என்று சுவரில் எழுதி வைப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. பிள்ளை தோற்றால், நீ சரியாக நம்பவில்லை என்று நம் தலையில் கட்டுவார்கள். பசியோடு வருகிற பிள்ளை, அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறை, இதெல்லாம் கணக்கிலேயே வராது.

நான் பதினோரு வருடம் முடித்து விட்டுவிட்டேன். காரணம் பிள்ளைகள் இல்லை. படிவம். யுனெஸ்கோ கணக்குப்படி தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகும் வீதம் 2015-இல் 4.6 சதவீதம், 2022-இல் 9 சதவீதம். 2030-க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் வேண்டுமாம். அந்த 9-இல் நானும் ஒருத்தி. என் கடைசி நாளில் மேசையைக் காலி செய்தபோது சிவப்பு மைப் பேனா மட்டும் பதினான்கு இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை, இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன.

அரைப்பக்கம் (பதிவு 16)

தூக்கிப் போடாதீங்க அக்கா.

ஏட்டுச்சுவடி (பதிவு 17)

சிவப்புமை சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம்பிக்கை என்பது மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பொருளாக இருந்தால் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கையில் வர வேண்டும்.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து கடிகாரம் வைத்து அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளை, இல்லாவிட்டால் ஆசிரியரே சொல்லிவிடுவார். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதில் என்னைக் குத்திய விஷயம் ஒன்று உண்டு. கெட்டிக்காரன் என்று நினைக்கும் பிள்ளைக்கு ஆசிரியர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள், மக்கு என்று நினைத்த பிள்ளைக்குக் குறைவாக. யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை.

நான் என் வகுப்பில் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது விநாடியிலேயே நாக்கு துடிக்கிறது.

இரண்டாம்மணி (பதிவு 18)

ஓர் ஐயம். எதிர்காலத்தைப் பற்றி உங்களுக்கெல்லாம் என்ன ஆசை? நான் வேலையில் இருந்தபோது என் ஆசை, என் பிள்ளைகள் "பெரிய ஆளாக" வரவேண்டும் என்பது. இப்போது அந்தப் பெரிய ஆட்களில் சிலரைச் செய்தியில் பார்க்கிறேன். ஆசையைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. அதற்கு மேல் விவரம் கேட்காதீர்கள்.

நடைவண்டி (பதிவு 19)

என் ஆசை ரொம்பச் சின்னது ஐயா. அந்தப் பையன் பையைக் கீழே வைக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் வைத்தான். என்ன தேதி என்றுகூட எழுதி வைத்திருக்கிறேன்.

மணற்கேணி (பதிவு 20)

நான்கு நாளாக இங்கே வரவில்லை. இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இடைவேளையில் அவனைக் கூப்பிட்டேன். "அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டியே, நான் சரியாப் பதில் சொல்லல. எதைப் பத்திக் கேட்டே?" என்றேன். முழித்தான். ஏட்டுச்சுவடி ஐயாவை நினைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். மூன்று தாண்டி, ஐந்து தாண்டி, ஏழோ எட்டோ. "அது அப்ப கேட்டது சார்" என்றான். சரி, விட்டுவிட்டான், இனி சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். உடனே, "இப்ப வேற கேள்வி இருக்கு. அப்ப யாருமே இல்லல்ல, அப்புறம் 454 கோடின்னு எப்படித் தெரியும்?" என்றான்.

கிளேர் பாட்டர்சன் என்ற விஞ்ஞானி 1956-இல் விண்கல்லில் இருந்த ஈயத்தை அளந்து 455 கோடி என்று கணக்கிட்டதைச் சொன்னேன். யுரேனியம் பாதி பாதியாகச் சிதைந்து ஈயமாகும், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு காலம் போயிருக்கிறது என்று தெரியும் என்றேன். தலையை ஆட்டினான், ஆனால் கண்ணில் ஒன்றும் பிடிபடவில்லை. "நீங்க அளந்து பாத்தீங்களா, அவர் சொன்னதை நம்புறீங்களா?" என்று கேட்டான். "நான் அளக்கல. அவர் சொன்னதை நம்புறேன், ஏன்னா அதுக்கப்புறம் வேற வேற ஆளுங்க வேற வேற கல்லை அளந்தும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்துச்சு" என்றேன். "சாமியையும் கும்பிடுவேன். அது இந்த மாதிரி அளந்து பாக்கிற விஷயம் இல்ல, அதனால உனக்கு அதைப் பாடமா நடத்த மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. இரண்டாம்மணி ஐயா மன்னிக்க வேண்டும். அவன் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "ஏன் அது பாதி பாதியாக் குறையுது?" என்று மறுபடி யுரேனியத்துக்கே போய்விட்டான். மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அவசரம்: அரைவாழ்வை, அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலத்தை, எட்டாம் வகுப்புக்குப் புரியும்படி எப்படி நடத்துவது? ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் இல்லை. நாளை மூன்றாவது பாடவேளை.

இரண்டாம்மணி (பதிவு 21)

மன்னிக்க ஒன்றும் இல்லை. கேட்டதற்குச் சொன்னீர்கள், பிரசங்கம் பண்ணவில்லை.

சிவப்புமை (பதிவு 22)

நூறு பட்டன் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் மையால் புள்ளி வையுங்கள். ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி மேசையில் கொட்டச் சொல்லுங்கள். புள்ளி மேலே தெரிகிறவை எல்லாம் ஈயமாகிவிட்டன, எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மீதியை எண்ணி, மறுபடி டப்பாவில் போட்டுக் குலுக்க வேண்டும். ஆறு ஏழு தடவை செய்தால் போதும். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட பாதியாகும், சரியாகப் பாதி வராது. அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். மீதி எண்ணிக்கையைப் பலகையில் வரைபடமாகப் போட்டால் அந்த வளைவு அழகாக வரும். எந்தப் பட்டன் எந்தத் தடவை போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை சொல்லும். அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

கடைசியில் தனியாக வைத்ததையும் மீதியையும் மட்டும் காட்டி, எத்தனை தடவை குலுக்கினோம் என்று வெளியே நின்ற ஒருவனைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஜன்னலோரப் பையனையே வெளியே நிற்க வையுங்கள்.

பட்டன் கிடைக்காவிட்டால் அட்டையை வெட்டிக்கொள்ளலாம். புள்ளி வைக்கப் பேனா வேண்டுமென்றால் என்னிடம் பதினான்கு இருக்கிறது.